கேசட்டு தீர்ந்துபோகிற இடம்

1

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் ஒரு பெண் சாக வேண்டியவள், சாகாமல் பாதியில் நின்றுவிடுவாள். நான் வந்த நாளிலிருந்து இதுதான் நடக்கிறது. பயப்பட வேண்டாம், பாட்டுக்குள்ளேதான்.

பாரீசுக்கு வடக்கே ரயிலில் அரை மணி நேரம் வந்தால் எங்கள் குடியிருப்பு. பத்தாவது மாடி. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. வீட்டில் நான்கு பேர்: என் மனைவி மரி, மகள் எலிஸ், என் மாமனார், நான். மாமனாரை மாமா என்று கூப்பிடுகிறேன். அவர் என்னை மாப்ளே என்பார். மாமா புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றவர். நம் பக்கத்தில் இவர்களைச் ‘சொல்தா’ என்பார்கள். சொல்தா வீட்டுப் பெண்ணைக் கட்டினால் பிரான்ஸ் கூடவே வரும் என்று கடலூர்ப் பக்கத்துப் பையன்கள் வரிசையில் நின்ற காலம் உண்டு. அந்த வரிசையில் நின்று ஜெயித்தவன் நான். இந்த செப்டம்பரோடு இங்கே வந்து எட்டு வருஷம் ஆகிறது. ஜெயித்த லட்சணத்தை ஊரில் இருப்பவர்களுக்கு ஒருமுறையாவது எழுதிச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மாமாவுக்கு ஒரே ஒரு பிரெஞ்சு ஓபரா பிடிக்கும். ஓபரா என்றால் கதையைப் பாட்டிலேயே நடத்துகிற நாடகம். நம் கூத்து போலத்தான், ஆட்டம் குறைவு, தொண்டை ஜாஸ்தி. இது இங்கே சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த ஓபரா. இதன் மெட்டு செல்போன் மணியாகவும் சோப்பு விளம்பரமாகவும் வரும். பெயர் இருக்கிறது, ஆனால் எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. ‘அது’ என்றால் போதும். ஒரு ஆலையில் வேலை செய்கிற பெண். அவளுக்காகப் பட்டாளத்தை விட்டு ஓடிவந்த ஒரு சிப்பாய். அவளுக்கு இவன் அலுத்துப்போகிறான். கடைசிக் காட்சியில் காளைச் சண்டை அரங்கத்துக்குள்ளே ஊரே கூடி ஆரவாரம் செய்துகொண்டிருக்க, வாசலில் இவன் அவளை மறித்துக்கொண்டு நிற்கிறான். என்னோடு வா என்கிறான். மாட்டேன், வழியை விடு என்கிறாள்.

இதற்கு மாமாவிடம் நான்கு ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. ஒன்று இசைத்தட்டு. அதில் பாடுகிற அம்மாளுக்குக் கனத்த குரல். அவள் வழியை விடு என்றால் நானாக இருந்தால் விட்டுவிடுவேன். இரண்டு சிடிகள். முதல் சிடியில் வாத்தியக்காரர்களை நடத்துகிறவர், காட்டுமன்னார்கோயில் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் போல எல்லோரையும் விரட்டுவார். இரண்டாவது சிடியில் பாட்டுக்கு நடுவே பாத்திரங்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள். மாமாவுக்கு அது பிடிக்காது. “கச்சேரியில பேச்சு எதுக்கு” என்பார்.

நான்காவதுதான் கேசட்டு. மாமா படையில் இருந்தபோது, முகாமில் ஒரு ராத்திரி ரேடியோவிலிருந்து பதிவு செய்தது. இரண்டு கேசட்டு எடுத்து வைத்திருந்தாராம். இரண்டு போதும் என்றுதான் கணக்கு. நடுவில் அறிவிப்பாளர் வளவளவென்று பேசி இடத்தைத் தின்றுவிட்டார். அதனால் கடைசிக் காட்சியில், அவள் வழியை விடு என்று கத்துகிற இடத்தில், ‘டக்’. கேசட்டு தீர்ந்துவிடும்.

இனி ஞாயிற்றுக்கிழமை வழக்கம். சாப்பாடு முடிந்ததும் மாமா நான்கிலும் கடைசிக் காட்சியை மட்டும் வரிசையாகப் போடுவார். முதலில் இசைத்தட்டு, பிறகு சிடிகள், கடைசியில் கேசட்டு. முதல் மூன்றையும், கேசட்டு எந்த இடத்தில் நிற்குமோ அதே இடத்தில் கையாலேயே நிறுத்துவார். அதற்குமேல் ஏன் போடுவதில்லை என்று ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டேன்.

“அதுக்கு மேல இருக்கறதெல்லாம் இவனுங்க பின்னாடி சேத்தது மாப்ளே” என்றார்.

எல்லாம் முடிந்ததும் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். “எது நல்லா இருக்கு மாப்ளே?”

“கேசட்டுதான் மாமா.”

அதன்பிறகுதான் நான் எழுந்திருக்கலாம்.

2

இதில் என்னை மாட்டிவிட்டது வேறு யாருமில்லை, என் வாய்தான்.

எனக்குச் சொந்த ஊர் குடிகாடு. கடலூரைத் தாண்டி, ரசாயன ஆலைகள் வரிசையாக நிற்கிற இடம். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் மூக்கு எரியும், அந்தப் பக்கம் திரும்பினால் கடல் வாசனை வரும். நான் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு ஆலையில் ஷிப்டு வேலை பார்த்தேன். அப்பாவும் அங்கேதான் இருந்தார். ‘அது’வின் முதல் பாகத்தில் ஆலை மணி அடித்துப் பெண்கள் வெளியே வருகிற பாட்டு ஒன்று உண்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் குடிகாட்டில் ஷிப்டு முடிந்து சைக்கிள்கள் வெளியே வருகிற சத்தம்தான் கேட்கும்.

2004-இல் கடலூரில் மாமாவின் உறவுக்காரர் வீட்டில் பெண் பார்த்தோம். பெண் பார்த்தோம் என்று சொல்கிறேனே தவிர, பார்க்கப்பட்டவன் நான்தான். மரி லீவில் வந்திருந்தாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். மாமா பட்டாளத்துக் குரலில் விசாரித்தார். படிப்பு, சம்பளம், உடம்பு எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, “பாட்டு கேப்பியா மாப்ளே?” என்றார்.

நம் ஊரில் பெண் வீட்டுப் பெரியவர் எது கேட்டாலும் ஆமாம் சொல்வதுதான் மரியாதை. காபியில் சர்க்கரையே போடாமல் கொடுத்துவிட்டுச் சரியா இருக்கா என்றாலும் சரியாக இருக்கிறது என்போம். “கேப்பேன் மாமா” என்றேன்.

“எவ்ளோ நேரம் கேப்பே?”

“நீங்க போதும்னு சொல்ற வரைக்கும் மாமா.”

கூடம் முழுக்கச் சிரித்தது. அப்பா என் முதுகில் தட்டினார். என்ன பணிவான பிள்ளை என்று பெண் வீட்டில் பேசிக்கொண்டார்களாம். மாமா இன்றுவரை போதும் என்று சொல்லவில்லை.

ஊரில் மாப்பிள்ளை என்றால் முதல் பந்தி, முதல் மரியாதை. இங்கே நான் வீட்டோடு மாப்பிள்ளை. விடியற்காலை ரயில் பெட்டிகளைத் துடைக்கிற வேலை. மரிக்கு ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கவனிக்கிற வேலை. அவள் போனபிறகு நான் வந்து மாமாவைப் பார்த்துக்கொள்வேன். அத்தை நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். வந்து மூன்று வருஷத்தில் சர்க்கரை வியாதியால் மாமாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு குளிப்பாட்டுவது, ஊசி போடுவது, சக்கர நாற்காலியில் ஜன்னலருகே கொண்டுபோய் விடுவது எல்லாம் நான். மாமாவுக்கு வேறு யார் கையும் பிடிக்காது. மரியின் கைகூடப் பிடிக்காது. “பொம்பளப் புள்ள கையால வேணாம்” என்பார். இதற்காகவே கடல் தாண்டி ஒரு ஆளைக் கூட்டிவந்தார்களோ என்று எனக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது. கோபமாக வரும். அவர் தலையைத் துவட்டும்போது கோபம் போய்விடும். மறுநாள் மறுபடி வரும்.

3

உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்தது இரண்டாவது சிடி, அந்தப் பேச்சு வருகிறதுதான். மாமா தூங்கும் நேரத்தில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்பேன். நான் பிரெஞ்சு கற்றுக்கொண்டதே அதில்தான். பாட்டில் இழுப்பதை என்னால் பிரிக்க முடியாது. பேச்சு என்றால் ஒரு வார்த்தையைப் பத்துத் தடவை திருப்பிப் போட்டுக் கேட்கலாம்.

இதனால் வந்த வினையும் உண்டு. அதில் சிப்பாய் தன் அதிகாரியிடம் எப்படிப் பேசுவானோ அப்படித்தான் எனக்கு மரியாதைப் பேச்சு தெரியும். முதல் தடவை பிரிஃபெக்தூருக்குப் போனபோது, அது நம் கலெக்டர் ஆபீஸ் மாதிரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாளிடம் விறைப்பாக நின்று, “என் தளபதி, உத்தரவுக்குக் காத்திருக்கிறேன்” என்கிற தோரணையில் ஏதோ சொல்லிவிட்டேன். அவள் பக்கத்துக் கவுண்டர்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். இருவரும் நன்றாகச் சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஒரு காகிதம் குறைகிறது என்று திருப்பி அனுப்பினார்கள்.

அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நான் நின்ற நேரத்தை எல்லாம் சேர்த்தால் இன்னொரு டிப்ளமோ முடித்திருக்கலாம். தங்கும் அட்டையைப் புதுப்பிக்க ஒவ்வொரு வருஷமும் மரி கூட வந்து, ஆமாம், இவர் என்னோடுதான் வசிக்கிறார் என்று கையெழுத்துப் போட வேண்டும். அவள் பக்கத்தில் நிற்கும்போது எனக்கு உடம்பு கூசும். என்னோடுதான் இருக்கிறார் என்று ஒருத்தி சொன்னால்தான் நான் இருக்கிறேன்.

2009-இல் அப்பா செத்துப்போனார். நெஞ்சு வலி, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அப்போது என் அட்டை காலாவதியாகி, புதுசு வரும்வரை வைத்துக்கொள் என்று கொடுத்த ரசீதும் காலாவதியாகியிருந்தது. அடுத்த ரசீது வாங்கப் பல வாரம் காத்திருக்க வேண்டும். நான் ஓடிப்போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்று அழுதேன். வேறொரு அம்மாள் இருந்தாள். நல்லவள்தான். “போகலாம் ஐயா, உங்களை யாரும் தடுக்க மாட்டார்கள். திரும்பி உள்ளே வர முடியுமா என்றுதான் என்னால் சொல்ல முடியாது” என்றாள். எலிசுக்கு அப்போது நாலு வயசு. நான் போகவில்லை.

குழியில் முதல் மண்ணை மகன் போட வேண்டும். என் இடத்தில் சித்தப்பா மகன் செல்வம் போட்டான். போனைக் குழிக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னேன். மண் விழுகிற சத்தத்தை ரயில் நிலையப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்டேன். அதை இப்போதும் என்னால் சரியாக எழுத முடியவில்லை.

4

எலிஸ் நன்றாகப் படிக்கிறாள். அவளுடைய தமிழில் மொத்தம் பத்துப் பன்னிரண்டு வாக்கியங்கள்தான் இருக்கும். அதில் பாதி ‘வேணாம்’ என்று முடியும். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். அவள் வேகமாகப் பேசினால் எனக்குப் புரியாது, மறுபடி சொல் என்பேன். கொஞ்ச நாளாக மறுபடி சொல்வதற்குப் பதிலாக “ஒண்ணுமில்ல அப்பா” என்று போய்விடுகிறாள். தமிழில் அவள் பிசிறில்லாமல் சொல்கிற வாக்கியம் அதுதான்.

இந்த வருஷம் ஆரம்பத்தில் குடிகாட்டிலிருந்து அம்மா போன் செய்தாள். புயலில் பறந்துபோன கூரை ஷீட்டு எல்லாம் மாற்றியாகிவிட்டது என்றாள். பக்கத்து வீட்டு முருங்கை விழுந்ததிலிருந்து வெயில் நேராக அடுப்படிக்கு வருகிறது என்றாள். இப்படிச் சுற்றிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தாள். தங்கை ரீட்டாவுக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது. காட்டுமன்னார்கோயில் பையன், பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணம் மே மாசம், சிதம்பரத்தில் தேவாலயத்தில்.

“பொண்ண கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போவ ஆள் வேணும்ல” என்றாள் அம்மா.

“வரேம்மா.”

“போன தடவையும் வரேன்னுதான் சொன்ன.”

அம்மாவே தொடர்ந்தாள்.

“செல்வத்த கேட்டா வந்து நிப்பான். அவன் நல்ல புள்ள. குழிக்கும் அவன்தான் நின்னான். இதுக்கும் அவன்தான் நிக்கணும்னா சொல்லிடு, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

அம்மா திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். இந்தத் தடவை அட்டை கையில் இருக்கிறது, இன்னும் பல மாதம் செல்லும். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவர்கள் யாரும் என்னை மறிக்கவில்லை. நான் போகாவிட்டால் ரீட்டா முகத்தில் ஆயுசுக்கும் முழிக்க முடியாது.

மறித்தது மாமாதான். மறித்தார் என்றும் சொல்ல முடியாது. “மாமா, தங்கச்சி கல்யாணம். மூணு வாரம் போயிட்டு வந்துடறேன்” என்றேன்.

“போ மாப்ளே. யாரு வேணாம்னா?”

“உங்கள பாத்துக்க நகராட்சியில சொன்னா ஒரு ஆள் அனுப்புவாங்களாம். மரி கேட்டுட்டு வந்தா.”

“எவளோ ஒருத்தி வந்து என்னை குளிப்பாட்டுவாளா? வேணாம். நான் குளிக்காம இருந்துக்கறேன். நீ போ.”

சொல்லிவிட்டு நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டுபோய் கேசட்டைப் போட்டார். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமையாக இருந்தால் போட்டிருக்க மாட்டார். ஞாயிறு பார்த்துக் கேட்டது என் புத்தி. அடுத்த ஞாயிறும் கேட்டேன். அடுத்த ஞாயிறும் கேசட்டு. மரியிடம் சொன்னால், “அப்பாவ விட்டுட்டு எப்படிங்க? ஆனா நீங்க போவணும்ங்க” என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள். அவள் மேல் தப்பில்லை. எனக்குத்தான் இந்த வீட்டில் மூச்சு முட்டியது. ராணுவக்காரர் ஒருவர் ஒற்றைக் காலோடு உட்கார்ந்துகொண்டே என்னைச் சிறை வைத்திருக்கிறார், சத்தம்கூடப் போடாமல்.

5

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு. காலையில்தான் அம்மா மறுபடி பேசியிருந்தாள். பத்திரிகை அடிக்கக் கொடுக்க வேண்டும், யார் பெயரைப் போடுவது என்று கேட்டிருந்தாள். நான் சாயங்காலம் சொல்கிறேன் என்றேன்.

சாப்பிட்டு முடித்தோம். மரிக்கு வேலை. மாமா இசைத்தட்டைப் போட்டார், சிடிகளைப் போட்டார், கேசட்டைப் போட்டார். ‘டக்’. என்னைப் பார்த்தார். “எது மாப்ளே?”

நான் வாயைத் திறப்பதற்குள் மேசையில் படம் வரைந்துகொண்டிருந்த எலிஸ் பிரெஞ்சில் சொன்னாள்: “தாத்தா, அவள் செத்துப்போவாளே.”

மாமா திரும்பினார். “அது பின்னாடி சேத்தது.”

“இல்லை. எங்கள் டீச்சர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். எழுதினவரே அப்படித்தான் எழுதினாராம். அவன் கத்தியால் குத்துவான். அப்புறம் அழுவான்.” எலிஸ் பென்சிலால் குத்திக் காட்டினாள். சிரித்துக்கொண்டே வேறு.

மாமாவின் முகம் சிவந்துவிட்டது. ஏழு வயசுப் பெண்ணோடு என்ன வாதம் என்று அவர் விட்டிருக்கலாம். விடவில்லை. என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு மாப்ளே. எது முழுசு?”

எட்டு வருஷமாகச் சொல்லிப் பழகின பதில் தொண்டை வரை வந்தது. அதோடு காலையில் அம்மா கேட்டதும் சேர்ந்து வந்தது.

“சிடிதான் முழுசு மாமா” என்றேன். “யாரும் எதையும் சேக்கல. கேசட்டு தீந்துபோச்சு, அவ்ளோதான். அவ சாவுறா. அங்க நிக்கறது பாட்டு இல்ல மாமா, டேப்பு.”

அதோடு நான் விடவில்லை.

“நான் ஊருக்குப் போவணும் மாமா. எங்கப்பன் சாவுக்குப் போவல. தங்கச்சி கல்யாணத்துக்கும் போவலன்னா நான் மனுசனே இல்ல.”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எலிஸ் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். மாமா நாற்காலியை உருட்டி ஜன்னல் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் நான் அம்மாவுக்குப் போன் செய்யவில்லை.

6

இரண்டு மூன்று நாள் பேச்சில்லை. குளியல் மட்டும் நடந்தது. மாமாவைத் தூக்கிக் குளியல் தொட்டியில் போட்ட நாற்காலியில் உட்கார வைப்பேன். அவர் என் கழுத்தைக் கட்டிக்கொள்வார். அவ்வளவு கோபத்திலும் கழுத்தைக் கட்டித்தான் ஆக வேண்டும். இருவரும் சுவரைப் பார்த்துக்கொள்வோம்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“மாப்ளே.”

“ம்.”

“கேசட்டுதான தீந்துச்சு. ரேடியோ ஓடிட்டுதான இருந்துச்சு.”

நான் குவளையைக் கீழே வைத்தேன். இத்தனை வருஷத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை. கேசட்டு நின்றால் பாட்டு நின்றதாக நானும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ரேடியோ முன்னால் அவர் உட்கார்ந்துதானே இருந்தார்.

“அன்னிக்கே முழுசா கேட்டுட்டேன்” என்றார் மாமா. “குத்தறான், அவ விழறா, என்னைப் புடிச்சுக்கங்கன்னு இவன் கத்தறான். எல்லாம் கேட்டேன். ஒரு தடவ கேட்டது போதும்னு வெச்சேன்.”

“அப்ப சேத்ததுன்னு ஏன் மாமா சொன்னீங்க?”

சோப்பு கண்ணில் பட்டதோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டே பேசினார். “அவன் கெட்டவன் இல்ல மாப்ளே, அந்த சிப்பாய். எங்கேயோ பொறந்து, எங்கேயோ வந்து மாட்டிக்கிட்டான். சிடியில அவன் கொலகாரன் ஆயிடறான். கேசட்டுல இன்னும் ஆவல. வழிய மறிச்சிட்டு நிக்கறான், அவ்ளோதான். இன்னும் விட்டுடலாம்.”

தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. நான் மறுபடி குவளையை எடுத்து ஊற்றினேன். அவர் முதுகு எலும்பெல்லாம் தெரிந்தது.

“கல்யாணம் எந்த மாசம்னு சொன்னே?”

“மே, மாமா.”

“அந்த நகராட்சிக்காரிய வரச் சொல்லு. ஆம்பள ஆள் இருந்தா அனுப்பச் சொல்லு.” கொஞ்சம் விட்டு, “புள்ளைக்கு ஸ்கூலு இருக்கு. அது இங்கயே இருக்கட்டும். நீ போயிட்டு வா” என்றார்.

‘போ’வுக்கு முன்னால் எலிசை இங்கே கட்டிவிட்டுத்தான் ‘போயிட்டு வா’ சொன்னார் என்பது எனக்கு அப்போதே புரிந்தது. பட்டாளத்துக்காரர் பிணை இல்லாமல் ஆளை வெளியே விடுவாரா. ஆனால் பள்ளிக்கூடம் இருப்பது நிஜம்தானே. நான் தலையைத் துவட்டிவிட்டேன். அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டு, பத்திரிகையில் என் பெயரைப் போடச் சொன்னேன்.

7

ஊரில் எல்லோரும் முதலில் கேட்டது, “புள்ள எங்க?” என்றுதான். ஸ்கூலு என்றேன். இரண்டாவது கேட்டது, “எப்ப திரும்பறே?” பழைய ஆலை நண்பன் ஒருவன், டிப்ளமோ ஆளுக்கு இப்போது நல்ல கிராக்கி, பேசாமல் இங்கேயே இருந்துவிடு என்றான். செல்வம் பிச்சாவரத்துக்குப் படகு விடக் கூட்டிப்போகிறேன் என்று தினமும் கூப்பிட்டான். போகவில்லை. குடிகாட்டு வீட்டில், மூக்கு எரிகிற காற்றில், எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். யாரையும் குளிப்பாட்ட வேண்டியதில்லை. கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஞாயிறு மத்தியானம் காதுக்கும் தெரியவில்லை.

கல்யாணம் புதன்கிழமை சாயங்காலம். சிதம்பரத்தில் தேவாலய வாசலில் காரை விட்டு இறங்கினோம். ரீட்டா வெள்ளைப் புடவையில், கையில் பூங்கொத்தோடு, வியர்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே சனம் நிறைந்துவிட்டது. பாடகர் குழு தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தது. போதகர் தலையாட்டினால் நாங்கள் நடக்க வேண்டும். நான் அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கட்டியிருந்தேன்.

அப்போது போன் அடித்தது. பாரீஸ் நம்பர். மாமாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் எடுத்தேன்.

“அப்பா” என்றாள் எலிஸ். புதன்கிழமை அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. “தாத்தா பேசணும்.”

“மாப்ளே” என்றார் மாமா. “உள்ள போயிட்டியா?”

“வாசல்ல நிக்கறோம் மாமா. என்னா ஆச்சு?”

“ஒண்ணும் ஆவல. வெச்சிடாத. நீ பாட்டுக்கு நட. நீ அங்க, நான் இங்க, ஒண்ணா கேப்போம்.”

அந்தக் கேசட்டின் இரைச்சல் எனக்கு நன்றாகத் தெரியும். பாட்டுக்கு முன்னால் மழை பெய்கிற மாதிரி வரும். ஞாயிறு அல்லாத நாளில் மாமா ‘அது’ போட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. எலிஸ் போனை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

“அண்ணா, போலாமா?” என்றாள் ரீட்டா.

போதகர் தலையாட்டிவிட்டார். உள்ளே எல்லோரும் எழுந்து நின்றார்கள். “போனை வைடா” என்று பின்னாலிருந்து அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். வைத்திருக்கலாம். ஒரு பொத்தான்தான். பிறகு சிக்னல் போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. என்னால் முடியவில்லை. போதும் என்று அவர் இன்னும் சொல்லவில்லை.

வலது கையால் ரீட்டாவைப் பிடித்துக்கொண்டேன். இடது கையில் போன், காதில். நடந்தோம். ஒரு காதில் பாடகர் குழு தமிழில் பாடியது. இன்னொரு காதில் அவன் வா என்றான், அவள் மாட்டேன் என்றாள். இரண்டு பக்கத்திலும் பெஞ்சுகளில் சொந்தக்காரர்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிலர் வெளிநாட்டுக்காரனுக்கு என்ன அவசரமோ என்று பாவமாகப் பார்த்தார்கள். ரீட்டா என் கையை இறுக்கிப் பிடித்தாளே தவிர ஒன்றும் சொல்லவில்லை. பீடத்துக்கு முன்னால் போய் நிற்கவும், அவள் வழியை விடு என்று கத்தவும், ‘டக்’.

“இந்தப் பெண்ணைக் கொடுக்கிறவர் யார்?” என்று கேட்டார் போதகர்.

“எப்ப வரே மாப்ளே?” என்று கேட்டார் மாமா.

“நான்தான், ஐயா” என்றேன். ரீட்டாவின் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தேன். பிறகு போனில், “ஞாயித்துக்கிழம, மாமா” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். முதல் பெஞ்சில் இருந்தவர்களுக்கு இரண்டும் கேட்டது. அம்மா முதல் பெஞ்சில்தான் வந்து நின்றிருந்தாள்.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தேன். நகராட்சி அனுப்பிய ஆள் மாமாவுக்குச் சவரம்கூடச் செய்துவிட்டிருந்தார். எலிஸ் என்னைக் கட்டிக்கொண்டு ஏதோ வேகமாகச் சொன்னாள். மறுபடி சொல் என்றேன். ஒருமுறை மறுபடி சொன்னாள். மாமா, “சாப்ட்டியா மாப்ளே” என்று கேட்டுவிட்டு இசைத்தட்டை எடுத்தார். அன்றும் அவள் சாகவில்லை.

போன வாரம் கல்யாண ஆல்பம் வந்தது. பீடத்துக்கு முன்னால் எடுத்த படத்தில் ரீட்டா நடுவில், அவள் பக்கத்தில் அப்பா இடத்தில் நான், கையில் அப்பாவின் கடிகாரம், காதில் போன். எனக்கு முகம் எரிந்தது. அம்மாவைப் போனில் கூப்பிட்டு, இந்தப் படத்தை எடுத்துவிடச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

“போனை மட்டும் அழிச்சுத் தரேன்னுதான் ஸ்டூடியோக்காரன் சொன்னான்” என்றாள் அம்மா. “நான்தான் வேணாம்னுட்டேன். அதத்தான் பெருசு பண்ணி அப்பா படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கேன்.”

“ஏம்மா?”

“இத்தன வருஷமா நீ எங்களுக்கு போனுதானடா. அது இல்லாம நின்னா, யாருன்னு எப்படி அடையாளம் தெரியும்?”